தொண்ணூற்று மூன்று மணி நேரம்

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலை 91. மாலை 89. மெஷின் 24 மணி நேரம்.

ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்த நோட்டு இது. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் எண்ணையும் மெஷின் ஓடிய நேரத்தையும் தினமும் குறிக்கச் சொன்னாள். இரண்டு மாதமாகக் குறிக்கிறேன். பக்கத்துக்கு ஒரு வரிதான் ஆகிறது, மிச்சம் வெள்ளையாகக் கிடக்கிறது. அந்த மிச்சத்தில் இன்றிலிருந்து என் வயிற்றெரிச்சலை எழுதப்போகிறேன். வாய்விட்டுச் சொல்லத்தான் இந்த வீட்டில் வழியில்லை.

மெஷின் என்பது கூடத்தில் நிற்கும் முழங்கால் உயரப் பெட்டி. அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் மூக்குக்கு அனுப்புகிறது. முப்பத்து நான்கு வருடம் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்தவர். பஞ்சுத் தூசி பாதி, சிகரெட் பாதி என்று நுரையீரலைத் தின்றுவிட்டன. குழாயைக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் உதடு நீலமாகிவிடும். வாய் மட்டும் பழையபடிதான் இருக்கிறது. இன்று காலை சட்னியில் காரம் இல்லையாம். அதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினார், ஆனாலும் சொல்லாமல் விடவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை 90. மாலை 90.

மெஷினின் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டினேன். மாட்டிவிட்டு ப்ளக்கைச் செருகும்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏ வோல்ட்டு, பின்னை நல்லா அமுத்து. லூசா இருந்தா பொறி பறக்கும்."

வோல்ட்டு என்பது நான்தான். துளசிமணி என்று பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி இந்த வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. கல்யாணமான இரண்டாம் வருடம், மில் ஆட்கள் ஐந்தாறு பேர் சாப்பிட வந்திருந்தபோது, விளக்கு மங்குவதைப் பார்த்து, "இன்னிக்கு வோல்ட்டு நெறையா இழுக்குதாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டேன். வோல்ட் இழுக்காதாம், ஆம்பியர்தான் இழுக்குமாம். சாப்பிட்ட இலையை மூடாமல் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் இவர். அன்றைக்கு ஒட்டிய பெயர் நாற்பது வருடமாகியும் உதிரவில்லை. என் மகள் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அம்மா பெயர் எழுதும்போது ஒரு நிமிடம் யோசித்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை 89. மாலை 88.

தூக்கமில்லை. மெஷின் போடும் சத்தம் மாவு மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பது போல. இரண்டு மாதமாக ஒரு நிமிடம் ஓயவில்லை.

பழைய துணி மூட்டையைப் பிரித்தபோது நான் தைத்த ரவிக்கை ஒன்று கிடைத்தது. அப்போது என்னிடம் காலால் மிதிக்கும் தையல் மெஷின் இருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் ரவிக்கை தைத்தேன். ஒருநாள் மத்தியானம் நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், மில்லில் கழித்துப் போட்ட அரை ஹெச்.பி. மோட்டாரை என் மெஷினில் பூட்டி வைத்திருந்தார். என்னைக் கேட்கவில்லை. காலை வைத்ததும் ஊசி பறந்தது, ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கியது. "உனக்கு வராது, விட்டுரு" என்றார். அடுத்த வாரம் மெஷினை விற்றுவிட்டார். அதற்கும் என்னைக் கேட்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் கேட்காமல்தான், இந்த வீட்டைக் கட்டியதும் கேட்காமல்தான். இந்தச் சமையலறையில் ஜன்னல் வேண்டும் என்று நான் கேட்டது அவர் காதில் ஏறவேயில்லை.

இந்த இரைச்சல் என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்குத்தான் எனக்கு விடுதலை. எழுதிவிட்டேன். அடிக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

காலை 90. மாலை 89.

மத்தியானம் இருபது நிமிடம் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் தானாக எடுத்துக்கொண்டது. அவர் சட்டையைத் தேய்க்க அயர்ன் பாக்ஸை இன்வெர்ட்டர் ப்ளக்கில் செருகப் போனேன்.

"எடு! எடுறீ!" கட்டிலில் பாதி எழுந்துவிட்டார். "அயர்ன் பாக்ஸ்... அதுல போட்டா... ஒரு மணி நேரத்துல பேட்டரி செத்துரும். என்ற மூச்சு அதுலதான் ஓடுது. மண்டையில களிமண்ணா இருக்குது?"

"தெரியாமத்தானுங்க போட்டேன். தெரிஞ்சவங்க நாற்பது வருசத்துல ஒரு நாளைக்குச் சொல்லித் தந்திருக்கலாமல்லொ?"

"சொன்னா ஏறோணுமே."

சட்டையைத் தேய்க்காமலேயே மாட்டிவிட்டேன். கசங்கிக் கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை 90. மாலை 90.

மகளுடைய பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் பரணில் இருந்தது. இறக்கித் துடைத்தேன். கரண்ட் பாடம் பதினாறு பக்கம். அவர் தூங்கிய நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன்.

இவ்வளவுதானா? இதற்காகவா நாற்பது வருடம் என்னை ஆட்டிவைத்தார்? வோல்ட் என்பது தள்ளுகிற அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடுகிற அளவு. இரண்டையும் பெருக்கினால் வாட், அதுதான் செய்கிற வேலையின் பலம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் மீட்டரில் ஒரு யூனிட். ஒரு ஹெச்.பி. என்றால் 746 வாட். குழம்புக்கு உப்பு போடத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா?

டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள சாமான்களின் பின்புறத்தையெல்லாம் பார்த்தேன். மிக்ஸி 750 வாட். தண்ணீர் மோட்டார் ஒரு ஹெச்.பி., ஆக 746. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலம் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. ஆக்சிஜன் மெஷினின் முதுகில் 230 வோல்ட், 1.6 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பெருக்கினால் 368 வாட். நாள் முழுக்க ஓடினால் எட்டே முக்கால் யூனிட்டுக்கு மேல்.

பிறகு சும்மா ஒரு கணக்குப் போட்டேன். அரை ஹெச்.பி. என்றால் 373 வாட். என் விரலைக் குத்திய மோட்டாரும் இவருக்கு மூச்சு கொடுக்கிற மெஷினும் கிட்டத்தட்ட ஒரே பலம். அதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை 89. மாலை 89. துவரம்பருப்பில் வண்டு. வெயிலில் கொட்டிப் புடைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை 88. மாலை 88.

கோயிலுக்குப் போய்த் திரும்பினால் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் சிலிண்டரைக் காணோம். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு மெஷினுக்குப் பதிலாக வைத்துக்கொள்வதற்கான சிலிண்டர் அது. போன மாதம் அதில்தான் ஓட்டினோம்.

"சிலிண்டர் எங்கீங்க?"

"ஃபில்லிங்குக்குப் போயிருக்குது. அன்வர் வந்து எடுத்துட்டுப் போனான்."

சிலிண்டர் கடை அன்வர் பாய் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுத்திருப்பேன். நான் வருவதற்குள் போய்விட்டாராம்.

ஆகஸ்ட் 20, புதன்

காலை 89. மாலை 87.

வருகிற 28-ஆம் தேதி காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை கரண்ட் இருக்காதாம். அன்றைக்கே பொள்ளாச்சியில் என் தம்பி மகள் கல்யாணம். போகப்போவதில்லை என்று தம்பிக்கு போன் செய்ய எடுத்தேன்.

"எதுக்குப் போன வெக்கறே? போயிட்டு வா" என்றார்.

"உங்களை ஆரு பாத்துக்குவா?"

"நான் என்ன கைக்கொழந்தையா? உன்ற தம்பி மகளுக்கு நீ போகாட்டி ஆரு போவா?"

இவர் வாயிலிருந்தா! என் அப்பா செத்தபோது மூன்றாம் நாளே கூப்பிட்டுக்கொண்டு வந்தவர். எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒரு பகல் இல்லாவிட்டால் சிகரெட் குடிக்கலாம், அதற்குத்தான் இந்தத் தாராளம். அலமாரி, தலையணை உறை, பூஜை மாடத்துக்குப் பின்புறம் எல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கோ நன்றாக ஒளித்து வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை 88. மாலை 88.

சிலிண்டர் இன்னும் வரவில்லை. வராவிட்டால் பேட்டரி ஏழு மணி நேரம் தாங்குமா என்று நானே கணக்குப் போட்டேன். பேட்டரியின் மேல் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று இருக்கிறது. மெஷின் 368 வாட். 150-ஐ 368-ஆல் வகுத்தால் 0.4. அரை மணி நேரம்கூட இல்லையா? எங்கோ தப்பு. போன வாரம் ஒருநாள் கரண்ட் போனபோது முக்கால் மணி நேரம் தாராளமாக ஓடியதே.

அவரைக் கேட்கலாம். கேட்க மாட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

காலை 89. மாலை எடுக்கவில்லை. கோபத்தில் மறந்துவிட்டேன்.

நோட்டைத் திறந்தால் நேற்றைய கணக்குக்குக் கீழே பென்சிலில் அவர் கையெழுத்து:

"ஆம்பியரை வாட்டால் வகுக்கக் கூடாது. ஒரு அலகை அதே அலகால்தான் வகுக்க வேண்டும். பேட்டரி 150 ஆம்பியர்-மணி. மெஷின் 1.6 ஆம்பியர். வகுத்துப் பார்."

என் நோட்டை எடுத்துப் படித்திருக்கிறார்! எத்தனை நாளாக? பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஐந்தாம் தேதிப் பக்கத்தில் டீக் கறை. இந்த வீட்டில் டீ குடிப்பவர் ஒருவர்தான்.

முகத்துக்கு நேரே கேட்கலாமென்று போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். சரி, படித்தால் படிக்கட்டும். எனக்கு இருக்கிற எரிச்சல் அவருக்கும் தெரிய வேண்டியதுதான். நன்றாக உறைக்கட்டும்.

வகுத்தும் பார்த்தேன். 150-ஐ 1.6-ஆல் வகுத்தால் 93.75. தொண்ணூற்று மூன்றே முக்கால் மணி நேரம்! ஏழு மணி நேரம் எந்த மூலைக்கு? ஆம்பியரை ஆம்பியரால் வகுத்தேன், புத்தகத்தில் அலகைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு தடவை சரிபார்த்தேன். சரியாகத்தான் வந்தது. சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலை 88. மாலை 87.

"சிலிண்டர் வரலீங்களே, அன்வர் பாய்க்குப் போன் போடட்டா?"

"வேண்டாம். கணக்குப் போட்டியல்லொ? எத்தனை வந்துச்சு?"

"தொண்ணூத்தி மூணே முக்கால்."

"அப்பறம் என்ன?"

நான் சரியாகக் கணக்குப் போட்டதற்கு ஒரு வார்த்தை சொல்வாரென்று நின்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 27, புதன்

காலை 88. மாலை 88. விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை நான்கு சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். பூரணத்தில் வெல்லம் குறைவு, எனக்கே தெரியும். சிகரெட்டுக்கு இவ்வளவு ஐஸ் வைக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 30, சனி. ஆஸ்பத்திரி

காலை 84. இங்கே சுவரிலிருந்தே ஆக்சிஜன் வருகிறது. மெஷின் இல்லை.

28-ஆம் தேதி நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

காலை ஆறரை மணிக்கு பஸ் ஏறினேன். கிளம்பும்போது தண்ணீர், மாத்திரை, மோர், போன் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். "பாத்துப் போ" என்றார். அதற்கும் மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன்.

கல்யாண மண்டபத்தில் பெண்ணின் முகூர்த்தப் பட்டு கசங்கியிருந்தது. தேய்த்துக் கொடுங்கள் அத்தை என்றாள். அயர்ன் பாக்ஸைக் கையிலெடுத்ததும் இந்த ஒரு மாதமாகப் பிடித்திருக்கும் பழக்கத்தில் அடியில் என்ன போட்டிருக்கிறதென்று பார்த்தேன். 1000 வாட், 230 வோல்ட். வகுத்தால் 4.3 ஆம்பியர். சேலையைத் தேய்த்துக்கொண்டே விளையாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் பேட்டரியில் இந்த அயர்ன் பாக்ஸைப் போட்டால் எவ்வளவு நேரம் ஓடும்? 150-ஐ 4.3-ஆல் வகுத்தால் முப்பத்தைந்து மணி நேரம்.

கை நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்தில் பேட்டரி செத்துவிடும் என்று கட்டிலில் எழுந்து கத்தியவர் யார்? அதே பேட்டரி, அதே ஆள். ஒன்று அன்றைக்குச் சொன்னது பொய், இல்லாவிட்டால் நோட்டில் எழுதியது பொய்.

சேலையை அப்படியே போட்டுவிட்டு, பத்திரிகைக் கவரின் பின்னால் எழுதினேன். பேட்டரியின் ஆம்பியர் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவது. மெஷினின் ஆம்பியர் இருநூற்று முப்பது வோல்ட்டில் ஓடுவது. பெயர்தான் ஒன்று, பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம் வேறு. இரண்டையும் முதலில் வாட்டாக மாற்றியிருக்க வேண்டும். பன்னிரண்டை நூற்றைம்பதால் பெருக்கினால் 1800. அதை 368-ஆல் வகுத்தால் ஐந்துக்கும் குறைவு. ஐந்து மணி நேரம்கூட இல்லை. கரண்ட் வருவதோ நான்கு மணிக்கு.

இந்தத் தப்பை நான் செய்யலாம். நாச்சிமுத்து செய்ய மாட்டார். மில்லில் மோட்டார் சத்தத்தைக் கேட்டே எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று சொல்கிற மனுஷன். அவர் தவறிப்போய் எழுதவில்லை, என்னை நம்பவைக்கத்தான் எழுதியிருக்கிறார்.

அப்போது மணி பதினொன்று. அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அன்வர் பாய்க்குச் செய்தேன்.

"பாய், எங்க சிலிண்டர் ஃபில் பண்ணியாச்சுங்களா?"

"ஃபில்லிங்கா? இல்லைங்கம்மா, இனிமே வேண்டாம், திருப்பி எடுத்துக்கன்னு சார்தானுங்க சொன்னாரு. பேட்டரி இருக்குதுன்னாரே."

"அந்தப் பேட்டரி எத்தனை நேரம் நிக்குமுங்க? மூணு வருசத்துப் பேட்டரி."

"பழசுன்னா நாலு மணி நேரம் நின்னாப் பெருசுங்கம்மா. ஏனுங்க?"

"இப்பவே ஒரு சிலிண்டரோட எங்க ஊட்டுக்குப் போங்க. ஆம்புலன்சுக்கும் சொல்லுங்க. கதவத் தொறக்காட்டியும் அங்கயே நில்லுங்க."

தம்பியிடம், அவருக்கு முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். தாலி கட்டுவதற்குள் மாப்பிள்ளை வீட்டுக் கார் ஒன்றில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. திட்டினேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த மாதிரி, வீடு கட்டின மாதிரி, இதையும் என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டாயா என்று வாய்விட்டு ஏக வசனத்தில் திட்டினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு வீட்டு வாசலில் அன்வர் பாய் சிலிண்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். "வெளியூர் லோடுல இருந்தேன், இப்பத்தானுங்க வந்தேன். ஆம்புலன்சும் வந்துட்டிருக்குது. தட்டறேன், தொறக்க மாட்டீங்கறாருங்கம்மா." முன்கதவு உள்பக்கம் தாழ். பின்பக்கம் ஓடினேன். சமையலறைத் தாழ்ப்பாள் சரியாக விழாது. ஊரிலுள்ள மோட்டாரையெல்லாம் பழுது பார்த்தவர் அதை மட்டும் பார்த்ததில்லை. ஒரு உலுக்கில் திறந்துகொண்டது.

வீட்டில் சத்தமே இல்லை. பேட்டரி தீர்ந்து மெஷின் நின்றால் கத்தும் அலாரத்தைக்கூட ஸ்விட்சை அணைத்து அடக்கியிருந்தார். ஐந்தாம் தேதி நான் எழுதிக் கேட்ட அமைதி அதுதான். என் வாழ்நாளில் அதைப் போல பயங்கரமான ஒன்றை நான் கேட்டதில்லை.

கட்டிலில் சாய்ந்திருந்தார். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி. தேய்த்த சட்டை போட்டிருந்தார். கரண்ட் போவதற்கு முன்னால் தானே தேய்த்திருக்க வேண்டும். அன்வர் பாய் சிலிண்டரைத் திறந்தார், நான் குழாயை மாட்டினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஏமாந்த பார்வை. எனக்கு அறையலாம் போல இருந்தது, கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.

நேற்று டாக்டர் கேட்டார். "பேட்டரி அவ்வளவு நேரம் வராதுன்னு தெரியாதாம்மா? யாரு கணக்குப் போட்டது?"

அவர் கட்டிலில் விழித்துத்தான் இருந்தார்.

"நான்தானுங்க போட்டேன்" என்றேன். "வோல்ட்டு, ஆம்பியரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. தப்பாப் போட்டுட்டேன்."

"ஃபோர்மேன் வீட்டுல இருந்துக்கிட்டு இப்படியாம்மா?" என்று டாக்டர் சிரித்தார். நர்சும் சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. நான் துடைக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை 87. மாலை 87. மெஷின் 24 மணி நேரம்.

வீட்டுக்கு வந்தாயிற்று. நோட்டை அவர் மடியில் போட்டேன். "வேற எந்தப் பக்கத்துல திருத்தம் பண்ணோணும், பண்ணுங்க."

ஐந்தாம் தேதிப் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். "நீதான... எழுதியிருந்தே. இது நின்னாத்தான்... விடுதலைன்னு."

"எழுதுனேன்."

"அதான்."

"என்னத்த அதான்? நாப்பது வருசத்துல நான் சொன்னது எதையாவது காதுல வாங்கியிருக்கீங்களா? ஜன்னல் வேணும்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தேனே, வெச்சீங்களா? தையல் மெஷினத் திருப்பித் தாங்கன்னு அழுதேனே, தந்தீங்களா? அத்தனையும் உட்டுப்போட்டு இந்த ஒரு வரியத்தான் மதிச்சு நடக்கோணுமா?"

மூச்சு வாங்கினார். நான் நிறுத்தவில்லை.

"நான் கோபத்துல எழுதுனது. உங்க மேல கோபப்பட எனக்கு ஆயிரம் இருக்குது. அதை நான் கல்யாண ஊட்டுல உக்காந்து பாயசம் குடிக்கையில நீங்க தீத்து வெச்சுட்டுப் போயிருவீங்க, நான் வந்து பொணத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கோணுமா? அதுவும் என்ற கையாலயே கணக்குப் போட வெச்சு?"

"தெரியாம ஆனதுன்னா... உன்ற பேர்ல... பழி வராதுன்னு..."

"எனக்குத் தெரியுமல்லொ! நாஞ்சாகற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்குமல்லொ! ஒரு நாளைக்கு ஒரு அயர்ன் பாக்ஸப் பாத்து எனக்கு வெளங்கியிருக்குமல்லொ!"

அதற்குப் பிறகு எனக்கும் மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். மெஷின்தான் பேசிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 3, புதன்

காலை 87. மாலை 88. அன்வர் பாய் இரண்டு சிலிண்டர் இறக்கினார். இனி என்னைக் கேட்காமல் ஒன்றையும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

காலை 86. மாலை 86. ஒன்பது நாளாகப் பேச்சு இல்லை. குளிக்கவைக்கிறேன், சோறு ஊட்டுகிறேன், பேசவில்லை. அவரும் சட்னியைக் குறை சொல்லவில்லை. குறை சொன்னால் தேவலை என்று இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

காலை 85. டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். இனி ஏறாது, இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் நின்று சொன்னார்.

செப்டம்பர் 25, வியாழன்

காலை 85.

இன்று ஒன்பது முதல் நான்கு வரை கரண்ட் கட். நானே திட்டம் போட்டேன். பழைய பேட்டரி என்பதால் பாதியை மட்டும்தான் நம்புவது என்று வைத்துக்கொண்டேன். 1800-இல் பாதி 900, அதை 368-ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பதினொன்றேகால் வரை பேட்டரி, பிறகு சிலிண்டர். பதினொன்றேகாலுக்கு மெஷினை நிறுத்திச் சிலிண்டரைத் திறந்தேன். பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மெஷின் ஓடாததால் அவர் மூச்சு நன்றாகக் கேட்டது. ஒவ்வொன்றும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பது போல வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நறுக்குவது கஷ்டமாக இருந்தது.

மூன்று மணி வாக்கில், "துளசி" என்றார்.

கத்தி நின்றுவிட்டது. யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் விளங்கவில்லை.

"உன்னைய... ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"எனக்குப் போதும். ஒவ்வொரு மூச்சும்... சொமக்க முடியாத சொமையா இருக்குது. போன தடவை... கேக்காமப் பண்ணுனது தப்பு. இந்தத் தடவை கேக்கறேன்." நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அடுத்த மாசம் இதாட்டக் கரண்ட் போகும்போது... நீ கணக்குப் போடாத இரு. என்னைய உட்டுரு. உடுவியா?"

நாற்பத்தொரு வருடத்தில் இவர் என்னிடம் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு சேலை நிறத்துக்குக் கேட்டதில்லை, ஒரு ஜன்னலுக்குக் கேட்டதில்லை. எனக்காகவே சேர்த்து வைத்த மாதிரி இந்த ஒன்றைக் கேட்டார். கண்ணில் பழைய அதிகாரம் இல்லை. நான் என்ன சொன்னாலும் அதன்படி நடப்பார் என்று தெரிந்தது. அப்படி ஒரு பார்வைக்காக எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். சரி என்று சொல்ல வேண்டியதுதான் நியாயம். அவர் படுகிற பாட்டை நான்தானே தினமும் பார்க்கிறேன்.

"முடியாதுங்க" என்றேன்.

"ஏன்?"

"உங்களுக்குப் போதும். எனக்கு இன்னும் போதலீங்க."

என்னைப் பார்த்தார். பிறகு சரி என்பதுபோலத் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. எழுந்துபோய் மெஷினைப் போட்டேன்.